ஹார்வி மட் கல்லூரியின் சிஎஸ் 5: முழுசாகப் போட்டுப் பார்த்தபின்

முதலாமாண்டு மாணவர்களுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் சொல்லித்தருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது சிஎஸ் 5 பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகப் படித்தால் போதாது, உட்கார்ந்து கணக்குகளைப் போட வேண்டும். கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிழக்கே கிளேர்மான்ட் என்ற ஊரில் இருக்கிறது ஹார்வி மட் கல்லூரி. மொத்தமே 900 பேர் அளவில் படிக்கிற சின்னக் கல்லூரி. பின்னால் வேதியியலுக்குப் போகிறவரோ கணிதத்துக்குப் போகிறவரோ, முதலாம் ஆண்டில் எல்லாரும் எடுத்தாக வேண்டிய கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம்தான் இந்த சிஎஸ் 5. அதன் புத்தகமும் வீட்டுப்பாடங்களும் அதற்கென்று செய்த சின்னச் சின்னக் கருவிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன். நானும் முதலாமாண்டு வகுப்பு எடுக்கிற ஆள்தான் என்பதால், மாணவர் கண்ணோடும் ஆசிரியர் கண்ணோடும் மாறி மாறிப் பார்த்து எழுதியது இது.

உலகம் முழுக்க முதல் புரோகிராமிங் பாடம் ஆளை வடிகட்டுகிற பாடமாகவே இருந்துவந்திருக்கிறது. பல நாட்டுக் கல்லூரிகளின் கணக்கை எடுத்துப் பார்த்து 2007இலும் 2014இலும் வந்த இரண்டு ஆய்வுகளும், சேர்கிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தேறுவதில்லை என்றே சொன்னன. தேறிவிட்டு, "சரி, இது நமக்கு ஆகாது" என்று முடிவுகட்டி அடுத்த பாடத்துப் பக்கமே வராதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஹார்வி மட்டின் தலைவலி இந்த இரண்டாவது கூட்டம்தான். எல்லாரும் அந்தப் பாடத்தை எடுத்தார்கள், முடித்தார்கள், அப்புறம் பெரும்பாலான பெண்கள் வேறு துறைக்குப் போய்விட்டார்கள். அமெரிக்காவில் 1980களின் நடுவில் இந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பேர் பெண்கள், பிறகு அது பாதிக்கு இறங்கிவிட்டது. ஹார்வி மட்டில் அதைவிட மோசம், 2006 வாக்கில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்களில் பெண்கள் பத்து சதவீதம் அளவில்தான் இருந்தார்கள்.

அந்த வருடம்தான் மரியா க்ளாவே அந்தக் கல்லூரியின் தலைவராக வந்தார். அவரே கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்தவர், பிரின்ஸ்டனில் பொறியியல் பிரிவின் டீனாக இருந்துவிட்டு வந்தவர். ஆனால் பாடத்தை மாற்றியது அவர் இல்லை, துறையின் ஆசிரியர்கள். கிறிஸ்டின் அல்வராடோ, சாக் டாட்ஸ், ரான் லிபெஸ்கின்ட்-ஹடாஸ், ஜெஃப் கியூனிங் ஆகிய நாலு பேரும்தான் பின்னால் இதைப் புத்தகமாகவும் எழுதினார்கள். பெண்கள் ஏன் போய்விடுகிறார்கள் என்பதற்கு க்ளாவே பல மேடைகளில் சொன்ன காரணங்கள் மூன்று: இது சலிப்பான வேலை என்று நினைக்கிறார்கள், நமக்கு இது வராது என்று நினைக்கிறார்கள், அங்கே இருக்கிற ஆட்களோடு நமக்கு ஒத்துப்போகாது என்று நினைக்கிறார்கள். மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டு மூன்றுக்கும் பாடத்துக்குள்ளேயே பதில் வைத்திருக்கிறார்கள், இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான். "பயப்படாதீர்கள், உங்களால் முடியும்" என்று ஒரு வரி உபதேசம் எங்கேயும் கிடையாது. பயப்படுவதற்கான காரணத்தையே ஒவ்வொன்றாக எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

முன்பு இந்தப் பாடம் ஜாவா என்ற புரோகிராமிங் மொழிக்கு அறிமுகம். அதைப் பைத்தான் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றி, அறிவியலிலும் பொறியியலிலும் வரும் சிக்கல்களைத் தீர்ப்பது என்று பாடத்தின் நோக்கத்தையே மாற்றினார்கள். ஜாவாவிலிருந்து பைத்தானுக்குப் போனதைத்தான் எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை, இன்று எங்கே பார்த்தாலும் பைத்தான்தான், அங்கேயெல்லாம் மாணவர்கள் தங்கிவிடவில்லையே.

விஷயம் முதல் வாரத்தில் இருக்கிறது. முதல் வாரத்தில் பைத்தானைவிடப் பெரிய இடம் பிகோபாட்டுக்கு. பிரவுசரில் திறக்கிற ஒரே ஒரு பக்கம், அதில் சதுரம் சதுரமாகப் பிரித்த ஒரு அறை, உள்ளே ஏதோ ஒரு இடத்தில் ஒரு குட்டி ரோபோ. அறையின் எல்லாக் கட்டத்தையும் அது மிதித்துவிட வேண்டும், எங்கிருந்து கிளம்பினாலும். தன்னைச் சுற்றி நாலு பக்கமும் அடுத்த கட்டத்தில் சுவர் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும், எங்கே இருக்கிறோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்பதெல்லாம் தெரியாது. ஞாபகம் என்று சொல்ல அதனிடம் இருப்பது ஒரே ஒரு எண், அதை நிலை என்கிறார்கள். நாம் எழுதுகிற ஒவ்வொரு விதியும், "இந்த நிலையில் இருக்கும்போது சுற்றிலும் இப்படி இருந்தால், இந்தப் பக்கம் ஒரு அடி வை, இந்த நிலைக்குப் போ" என்பதுதான். இவ்வளவுதான் மொழியே, ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

வெற்று அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 0 என்ற நிலையில் மேற்கே வழி இருந்தால் மேற்கே போய்க்கொண்டே இரு, சுவர் வந்தால் நின்று நிலை 1க்கு மாறு. நிலை 1இல் வடக்கே போய்க்கொண்டே இரு, சுவர் இடித்தால் தெற்கே ஒரு அடி வைத்து நிலை 2. நிலை 2இல் தெற்கே போய்க்கொண்டே இரு, சுவர் இடித்தால் கிழக்கே ஒரு அடி வைத்து மறுபடி நிலை 1. மூன்று நிலை, ஆறு விதி, அறை முழுக்க முடிந்தது. ஒவ்வொரு வரிசையிலும் மேலே போய்க் கீழே வந்து அடுத்த வரிசைக்கு நகர்கிறது. இப்படிச் சொன்னால் சுலபமாகத் தெரிகிறது, ஆனால் நீங்களே உட்கார்ந்து யோசித்தால் முதலில் இதைவிட இரண்டு மடங்கு விதிகள் எழுதுவீர்கள், மூலையில் போய் ரோபோ மாட்டிக்கொண்டு நிற்கும், அப்புறம் ஒரு விதியைத் தட்டித் தூக்குவீர்கள், ஓடிவிடும்.

அடுத்து வருகிற புதிர்வழி அறைதான் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. வலது கையைச் சுவரில் வைத்துக்கொண்டே நடந்தால் வெளியே வந்துவிடலாம் என்பது பலருக்கும் தெரிந்த உத்தி, அதை விதிகளாக எழுத வேண்டும். நாலு திசைக்கு நாலு நிலை. ஒவ்வொரு நிலையிலும் வலது பக்கம் திறந்திருக்கிறதா, முன்பக்கம் திறந்திருக்கிறதா, இரண்டும் அடைத்திருக்கிறதா என்று மூன்று விதி எழுதத்தான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், அப்போது பன்னிரண்டு விதி ஆகிறது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் முன்பக்கத்தைத் தனியாகக் கேட்கவே வேண்டாம் என்று புரியும். வலது பக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கமே திரும்பி ஒரு அடி வை, இல்லையென்றால் நகராமல் இடது பக்கம் திரும்பிக்கொள். திரும்பியபின் முன்பு முன்பக்கமாக இருந்தது இப்போது வலது பக்கமாகிவிடுகிறது, அதே கேள்வியை மறுபடி கேட்டால் போதும். எட்டே விதி. இதைத் தானாகக் கண்டுபிடிக்கிற மாணவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், முதல் வகுப்பில் டேட்டா டைப் அட்டவணையை போர்டில் எழுத யாருக்கும் மனசு வராது.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பள்ளியிலேயே நாலு வருடம் புரோகிராம் எழுதி வந்தவருக்கும் பிகோபாட் புதுசு. லூப் தெரியும், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற கட்டளை தெரியும் என்பதெல்லாம் இங்கே செல்லாது, ஏனென்றால் இந்த மொழியில் லூப்பே கிடையாது. முதல் வாரத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். கணக்குப் போட வரும், புதிர் போட வரும், ஆனால் கம்ப்யூட்டரை வீட்டில் தொட்டதில்லை என்கிற பெண் பக்கத்து இருக்கைக்காரரைவிட முன்னால் முடித்துவிடுகிறார். "நமக்கு இது வராது" என்ற இரண்டாவது காரணத்துக்கு இதைவிட நல்ல பதில் நான் பார்த்ததில்லை.

அதற்கப்புறம் பைத்தான் வருகிறது, ஆனால் எல்லாப் பாடத்திலும் வருகிற வரிசையில் வரவில்லை. ஃபங்ஷன், பட்டியல், உடனே ரிகர்ஷன், அதாவது ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி கூப்பிடுவது. லூப் வருவதற்குப் பல வாரம் ஆகும். முதலில் இது எனக்குத் தலைகீழாகப் பட்டது, நம் ஊர் சிலபஸில் ரிகர்ஷன் என்பது ஃபேக்டோரியல் (1 முதல் ஒரு எண் வரை பெருக்குவது) ஒன்றைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிற தலைப்பு. போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. ரிகர்ஷனில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய மாறிகள் குறைவு. "வார்த்தையின் முதல் எழுத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், மிச்சத்தை இதே ஃபங்ஷன் பார்த்துக்கொள்ளும்" என்று நம்பிவிட்டால் மூன்று நாலு வரியில் ஒரு வார்த்தையின் ஸ்க்ராபிள் மதிப்பெண் வந்துவிடுகிறது. அனுபவம் உள்ளவர்கள் லூப்பிலேயே ஊறிப்போயிருப்பதால் இங்கேயும் அவர்களுக்குப் பெரிய அனுகூலம் கிடைப்பதில்லை.

வீட்டுப்பாடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கும் விதம் அருமை. சீசர் மறைகுறி எல்லாப் பாடத்திலும் வரும், ஒவ்வொரு எழுத்தையும் இத்தனை இடம் தள்ளி எழுது என்று விட்டுவிடுவார்கள். இங்கே அதோடு நிற்பதில்லை, எத்தனை இடம் தள்ளியது என்றே சொல்லாமல் செய்தியைக் கொடுத்து உடைக்கச் சொல்கிறார்கள். மொத்தம் 26 சாத்தியம்தான், ஒவ்வொன்றையும் உடைத்துப் பார்த்து, ஆங்கிலத்தில் எந்த எழுத்து எவ்வளவு அடிக்கடி வரும் என்ற அட்டவணையை வைத்து எது ஆங்கிலம் போல இருக்கிறது என்று நிரலே முடிவுசெய்ய வேண்டும். எழுதி முடித்தபின் கையில் இருப்பது வேலை செய்கிற ஒரு கருவி, நண்பர்களுக்குக் காட்டலாம். அதேபோல மேண்டல்பிராட் என்ற கணித ஓவியம், கட்டங்கள் சில விதிப்படி பிறந்து சாகிற கான்வேயின் உயிர் விளையாட்டு, ஒருவருடைய எழுத்தை ஊட்டினால் அதே நடையில் உளறுகிற நிரல், கடைசியில் நாலு காயை ஒரே கோட்டில் சேர்க்கிற கனெக்ட் ஃபோர் விளையாட்டை எதிராளியாக நின்று ஆடுகிற நிரல். மாணவர் மதிப்பெண் பட்டியல் தயார்செய், வங்கிக் கணக்கில் பணம் போடு எடு என்கிற ரகமே இல்லை. "சலிப்பான வேலை" என்ற முதல் காரணத்துக்கு இதெல்லாம் பதில்.

நடுவில் வருகிற கம்ப்யூட்டரின் உட்புறம் பகுதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பைத்தானை அப்படியே நிறுத்திவிட்டு, கேட்டுகள் என்கிற அடிப்படை மின்சுற்றுகளை வைத்துக் கூட்டல் சர்க்யூட் கட்டச் சொல்கிறார்கள், பிறகு ஹ்ம்ம் என்ற குட்டி அசெம்பிளி மொழி, கம்ப்யூட்டரின் சொந்த மொழிக்கு மிக நெருக்கமானது. கல்லூரியின் பெயரை வைத்தே அந்தப் பெயரையும் உண்டாக்கியிருக்கிறார்கள். எண்களை வைத்துக்கொள்ளப் பதினாறு ரெஜிஸ்டர், ஒரு சின்னப் பட்டியலில் அடங்குகிற கட்டளைகள், அவ்வளவுதான். அதில் ஃபேக்டோரியலை முதலில் ஜம்ப், அதாவது வேறு வரிக்குத் தாவுகிற கட்டளை வைத்து எழுதி, பிறகு ரிகர்ஷனாகவும் எழுத வேண்டும், அதாவது திரும்பி வர வேண்டிய இடத்தையும் பாதியில் விட்ட எண்ணையும் ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கிற அடுக்கு) நாமே கையால் வைத்து நாமே கையால் எடுக்க வேண்டும். முதல் மாதத்தில் "நம்பு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்" என்று சொன்னார்களே, அது எப்படிப் பார்த்துக்கொள்கிறது என்பது இங்கே வெட்டவெளிச்சமாகிறது. இதை முடித்துவிட்டுத்தான் பைத்தானில் லூப் சொல்லித்தருகிறார்கள். ஹ்ம்மில் ஜம்ப் போட்டுக் களைத்தவருக்கு லூப் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த வரிசையை யோசித்தவருக்குக் கைகொடுக்க வேண்டும் போலிருந்தது.

கடைசி வாரங்களில் எந்த நிரலாலும் தீர்க்க முடியாத கேள்விகள் இருக்கின்றன என்ற நிரூபணம் வரை போகிறார்கள். முதலாம் ஆண்டில்! மாணவர்களைத் தக்கவைக்கப் பாடத்தை இளக்கிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு வரட்டும். எளிதாக்கியது நுழைவாயிலை மட்டும்தான், உள்ளே இருக்கிற சரக்கில் குறைவில்லை. மாணவர் போய்விடுகிறார் என்றதும் பகுதிகளை வெட்டி, கேள்வித்தாளை இலகுவாக்கி, உள்மதிப்பெண்ணைக் கூட்டிப்போடுகிற வழியில் தேர்ச்சி கூடும், ஆனால் அந்த மாணவர் துறையில் தங்குவதற்கு அதில் ஒரு காரணமும் கிடையாது. நன்றாகப் படிக்கிறவருக்கே அது அவமானமாக இருக்கும்.

ஆட்களோடு ஒத்துப்போகாது என்ற மூன்றாவது காரணத்துக்கு வருகிறேன், இதுதான் இணையத்தில் இறக்கிக்கொள்ள முடியாத பகுதி. வகுப்பை அனுபவத்தை வைத்துப் பிரித்தார்கள். முன்பின் எழுதாதவர்களுக்கு கோல்டு, எழுதி வந்தவர்களுக்கு பிளாக். இரண்டும் கல்லூரியின் நிறங்கள், எது மேல் எது கீழ் என்று பெயரைக் கேட்டால் தெரியாது. இரண்டு பிரிவிலும் அடிப்படைப் பாடம் ஒன்றே, பிளாக்கில் கொஞ்சம் கூடுதலாக வேறு விஷயங்களும் தொடுவார்கள், இரண்டிலிருந்தும் அடுத்த பாடத்துக்குப் போகலாம். பார்க்கச் சின்ன மாற்றம். ஆனால் முதல் வகுப்பிலேயே முன்வரிசையில் உட்கார்ந்து, இன்னும் நடத்தாத விஷயத்தை வைத்துக் கேள்வி கேட்கிற இரண்டு பேர் இருந்தால் மற்ற நாற்பது பேருக்கு என்ன ஆகும் என்பது பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, ஆர்வக்கோளாறுதான். அவர்களை வகுப்பில் வைத்து மட்டம் தட்டாமல் தனியாகக் கூப்பிட்டு, உன் கேள்விகள் எனக்குப் பிடித்திருக்கின்றன, ஆனால் வகுப்பில் மற்றவர்கள் மிரள்கிறார்கள், அதனால் நாம் இதையெல்லாம் என் அறையில் பேசுவோம் என்று ஆசிரியர்கள் சொல்வார்கள் என்று க்ளாவே விவரித்திருக்கிறார். இதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். காசு செலவில்லாத, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத மாற்றம் இது, வகுப்பின் சத்தமே மாறிவிடுகிறது.

இங்கே பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்துப் பைத்தான் படித்து வந்தவர்களும், பயாலஜி குரூப்பிலிருந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்கிறார்கள், அவர்களைத் தனித்தனி செக்‌ஷனாகப் பிரிக்க ஒரு ஆசிரியரால் முடியாது. பிகோபாட்டை மட்டும் லேபில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று உட்கார வைத்தேன். பயாலஜி குரூப்பிலிருந்து வந்த ஒரு பெண் பேப்பரில் அறையை வரைந்து அம்புக்குறி போட்டுப் போட்டுப் புதிர்வழியை முடித்தார். பக்கத்தில் இருந்தவர் பள்ளியில் இரண்டு வருடம் பைத்தான் படித்தவர், "எப்படிங்க பண்ணீங்க" என்று கேட்டது எனக்குக் கேட்டது. இந்த ஒரு மணிநேரத்துக்காகவே இந்தப் பாடத்துக்கு என் நன்றி.

சரி, குறைகள். முதல் குறை, இது ஒரு பாடம் மட்டும் தனியாகச் செய்த சாதனை என்று பரப்பப்படுவது. பாடத்தை மாற்றியதோடு, முதலாமாண்டுப் பெண்களைக் கம்ப்யூட்டர் துறைப் பெண்களுக்கென்று நடக்கிற கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்குக் கல்லூரிச் செலவில் கூட்டிப்போனார்கள், முதல் வருடம் முடிந்த கோடை விடுமுறையிலேயே அவர்களுக்கு ஆய்வு வேலை கொடுத்தார்கள். மூன்றும் சேர்ந்துதான் ஐந்தாறு வருடத்தில் பெண்களின் பங்கு பத்திலிருந்து நாற்பது சதவீதம் அளவுக்கு ஏறியது, 2016இல் அந்தத் துறையில் பட்டம் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பாடப்புத்தகத்தை மட்டும் இறக்கிவந்து அதே எண்ணிக்கையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, ஆள்பலம். அங்கே மேல் வகுப்பு மாணவர்களையே சம்பளம் கொடுத்து உதவிக்கு வைக்கிறார்கள், வீட்டுப்பாடத்தைத் திருத்துவதும் அவர்கள்தான், சாயங்காலம் லேபில் உட்கார்ந்து சந்தேகம் தீர்ப்பதும் அவர்கள்தான். லேபுக்கு வந்தவர்களுக்கு அங்கே ஆரம்பிக்கிற கணக்குக்கு மதிப்பெண்ணும் உண்டு, அதனால் யாரும் தனியாக அறையில் உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. தனியாக உட்கார்ந்து இந்தப் பாடத்தைப் படிக்கிறவருக்கு இந்த உதவி கிடையாது. கணக்குகளில் சிலவற்றில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க முடியாமல் ராத்திரி முழுக்கப் போய்விடும், ஹ்ம்மில் ஒரு ஜம்ப் இலக்கம் மாறினால் அவ்வளவுதான். புத்தகமும் அந்த வகுப்பை மனதில் வைத்தே எழுதியது, நகைச்சுவை நிறைய, அதில் பாதி அந்தக் கல்லூரி வளாகத்தில் இருப்பவருக்குத்தான் சிரிப்பு வரும். ஆங்கிலம் சரளமாக வராத மாணவருக்கு இது ஒரு தடை, கேள்வியைப் புரிந்துகொள்ளவே நேரம் போகிறது. ஒவ்வொரு வாரமும் முதல் வேலையாக ஒரு கட்டுரையைப் படித்துக் கருத்து எழுதச் சொல்வதும் அப்படித்தான், யோசனை நல்ல யோசனை, தமிழ் வழியில் படித்து வந்தவரைச் சோர்வடைய வைக்கும்.

மூன்றாவது சுமை. பாடம் சுவாரசியமாக இருப்பதாலேயே நேரத்தைத் தின்கிறது, ஒரு வீட்டுப்பாடத்தில் மூன்று நாலு கணக்கு, ஒவ்வொன்றும் சின்னத் திட்டம் மாதிரி. ஹார்வி மட்டிலேயே மொத்தப் பாடச்சுமை தாங்கவில்லை என்று 2017இல் மாணவர்கள் குரல் எழுப்பி, வகுப்புகளை நிறுத்திவைக்க வேண்டிவந்தது. அது சிஎஸ் 5ஐ மட்டும் குறித்த புகார் இல்லை, எல்லாப் பாடமும் சேர்ந்த சுமை. என்றாலும் மாணவரைத் தக்கவைப்பது பற்றிப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேசக் கூடாது. இந்தப் பாடத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் வாரத்துக்கு ஒரு கணக்கையாவது உருவிவிட வேண்டும், எதை உருவினாலும் பிகோபாட்டையும் ஹ்ம்மையும் தொடாதீர்கள்.

வேறு எதையாவது எடுக்கலாமா என்றால், யாருக்கு என்பதைப் பொறுத்தது. ஜார்ஜியா டெக்கில் 1999 முதல் எல்லா மாணவருக்கும் ஒரு கம்ப்யூட்டிங் பாடம் கட்டாயம். கட்டடக்கலை, மேலாண்மை, கலை மாணவர்களில் பாதிப் பேர்கூட அதைத் தேறவில்லை. மார்க் கஸ்டியல் 2003இல் அவர்களுக்கென்று மீடியா கம்ப்யூட்டேஷன் என்ற பாடத்தை ஆரம்பித்தார். லூப் சொல்லித்தர ஒன்று முதல் பத்துவரை அச்சிடச் சொல்வதில்லை, உங்கள் போட்டோவையே எடுத்து ஒவ்வொரு பிக்சலிலும் நீலத்தையும் பச்சையையும் முப்பது சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள், படம் அந்திச் சூரியன் வெளிச்சத்தில் எடுத்தது போல ஆகிவிடுகிறது. தேர்ச்சி 85 சதவீதம் அளவுக்குப் போனது. ஆனால் அதனால் அந்த மாணவர்கள் மேலும் கம்ப்யூட்டர் பாடங்களை எடுக்க வந்துவிடவில்லை என்று கஸ்டியலே பின்னாளில் நேர்மையாக எழுதினார், அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. பி.காம்., பி.ஏ. மாணவர்களுக்கு ஒரே ஒரு பாடம்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் சிஎஸ் 5ஐவிட அதுவே பொருத்தம். ஹார்வர்டின் சிஎஸ் 50 நம் ஆட்கள் பலருக்கும் தெரிந்ததுதான், 2007 முதல் டேவிட் மேலன் நடத்துகிறார், விரிவுரைக்காக மட்டும் பார்த்தால் அதற்கு ஈடில்லை. வீட்டுப்பாடத்தைத் தானாகச் சரிபார்க்கும் கருவி எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்பதால் தனியாகப் படிக்கிறவருக்கு அதுதான் சௌகரியம். ஆனால் வண்ணக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் எழுதுகிற ஸ்க்ராட்ச்சிலிருந்து நேரே சி மொழிக்குத் தூக்கிப்போடுகிற அந்த இரண்டாவது வாரத்தில் என் மாணவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். சான் டியேகோவில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீடியா கம்ப்யூட்டேஷனோடு, இரண்டு பேர் சேர்ந்து ஒரே நிரலை எழுதுவது, வகுப்பு நடுவில் கேள்வி போட்டுப் பக்கத்தில் இருப்பவருடன் விவாதித்துப் பதில் சொல்ல வைப்பது என்று மூன்றையும் சேர்த்தார்கள், ஒரு வருடம் கழித்தும் துறையில் இருப்பவர்கள் நன்றாகவே கூடினார்கள். பெரிய வகுப்பு வைத்திருக்கிறவர்கள் அவர்கள் செய்ததைப் பார்க்கலாம். சிஎஸ் 5ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான அல்வராடோ பின்னர் அங்கேதான் போய்ச் சேர்ந்தார்.

எடுக்க நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிகோபாட்டுக்கு எதையும் நிறுவ வேண்டாம், லேபில் இன்டர்நெட் மந்தமாக இருந்தாலும் பக்கம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும். ஹ்ம்மை ஓட்டப் பைத்தான் வேண்டும், அதை முந்தின நாளே எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டு வைத்துவிடுங்கள். புத்தகத்தை வரிசை மாற்றாமல் போங்கள், லூப்பை முன்னால் இழுத்துவைக்கக் கை துறுதுறுக்கும், வேண்டாம், ஹ்ம்முக்குப் பின்னால் வந்தால்தான் அதற்கு வேலை இருக்கிறது. மாணவராக இருந்து தனியாக எடுக்கிறவர்கள் கூட ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அனுபவத்தில் உங்களுக்குச் சமமான ஒருவராகப் பார்த்து, இல்லையென்றால் ஒருவர் தட்ட ஒருவர் வேடிக்கை பார்ப்பார். ஆசிரியர்கள் முழுப் பாடத்தையும் கொண்டுவர முடியாவிட்டால் முதல் இரண்டு வாரத்தை மட்டும் எடுத்து, உங்கள் சிலபஸின் முதல் யூனிட்டுக்கு முன்னால் சொருகிவிடுங்கள், அதற்கு எந்தக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படாது.